பேட்மேன் ஏழையாகப் பிறந்திருந்தால்?

பேட்மேனுடைய சூப்பர் பவர் எது? காமிக்ஸ் படிக்கும் பத்து வயதுப் பையன் எவனையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: 'பணம் அங்கிள்!'

நியாயமான பதில்தான். சூப்பர்மேன் பறப்பார். ஸ்பைடர்மேன் சுவரில் ஏறுவார். வொண்டர் உமன் தெய்வங்களின் அருள் பெற்றவள். பேட்மேன் என்கிற ப்ரூஸ் வேனுக்கு அந்த மாதிரி வரம் ஒன்றும் கிடையாது. ஆனால், காத்தம் நகரத்தின் பெரிய பணக்காரக் குடும்பத்துக்கு ஒரே வாரிசு. மாளிகை, மாளிகைக்கு அடியில் குகை, குகைக்குள் கம்ப்யூட்டர், சீறிப் பாயும் கார், ராத்திரி அடிபட்டு வந்தால் தையல் போட ஆல்ஃப்ரட் என்ற விசுவாசமான பட்லர். 1939-ல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய நாளிலிருந்து ஆள் கோடீஸ்வரன்தான். நடுவில் ஒன்றிரண்டு கதைகளில் சொத்து கைவிட்டுப் போனதுண்டு. ஆனாலும் பிறந்தது பட்டுமெத்தையில்.

அக்டோபர் 2024-ல் டி.சி. காமிக்ஸ் கம்பெனி அந்த மெத்தையை உருவிவிட்டது.

'அப்சல்யூட் பேட்மேன்' என்று புது வரிசை. எழுதியவர் ஸ்காட் ஸ்னைடர், வரைந்தவர் நிக் டிரகோட்டா. இதில் ப்ரூஸ் வேன் சாதாரண வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போன இடத்தில் துப்பாக்கிக்காரன் ஒருவன் சுட்டதில் அப்பா செத்துப்போகிறார். அம்மா உயிரோடு இருக்கிறாள். மாளிகை இல்லை, பட்லர் இல்லை. ஆல்ஃப்ரட் உண்டு, ஆனால், இவனை வேவு பார்க்க வந்த உளவாளி அவர். ப்ரூஸ் என்ஜினீயரிங் படித்தவன், உழைத்துச் சாப்பிடுகிறவன். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி ஆகிவிடுகிறது. காது இரண்டும் கத்தி. காசு இல்லாதவன் கையில் கிடைத்ததை எல்லாம் ஆயுதமாக்கிக் கொள்கிறான். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேல் அலமாரியில் வையுங்கள். மற்றபடி, பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த பேட்மேன் கதையை உலுக்கி எழுப்பிவிட்ட புத்தகம் இது என்பது என் கட்சி.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது கோடரி இல்லை, வேறொரு சின்ன விஷயம். இந்த ஏழை ப்ரூஸுக்குச் சின்ன வயது சிநேகிதர்கள் சிலர் உண்டு. வேலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட் காபிள்பாட், எட்வர்ட் நிக்மா, ஹார்வி டென்ட், செலினா கைல். பேட்மேன் ரசிகர்களுக்குப் பெயரைக் கேட்டதுமே சுருக்கென்று இருக்கும். பழைய கதைகளில் இவர்கள் யார் தெரியுமா? கில்லர் க்ராக், பெங்க்வின், ரிட்லர், டூ ஃபேஸ், கேட்வுமன். அதாவது, பேட்மேன் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளிய அதே வில்லன் கூட்டம். இங்கே ஒரே தெருவில் விளையாடி, ஒன்றாக வளர்ந்த கூட்டாளிகள்! அந்தப் பக்கம், பழைய கதைகளின் கோமாளி வில்லன் ஜோக்கர் இங்கே சிரிக்கவே சிரிக்காத பெரும் பணக்காரன்.

இதைப் படித்து மூடி வைத்ததும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பணத்தையும் மாளிகையையும் பிடுங்கிக்கொண்ட பிறகும் ப்ரூஸ் நல்லவனாகத்தான் இருக்கிறான் என்கிறது கதை. சரி, நம்புகிறேன். ஆனால், இடமும் தெருவும் மாறியதால் மற்ற ஐந்து பேரும் வேறு ஆட்களாகிவிட்டார்களே... அப்படியானால் நல்லவன் என்பது பிறவியா, அமைப்பா?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். திருக்குறளில் 38-வது அதிகாரத்துக்குப் பெயர் 'ஊழ்'. கொஞ்சம் பக்கம் தள்ளிப் போனால் 62-வது அதிகாரம் 'ஆள்வினை உடைமை', அதாவது முயற்சி. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துவிட்டு, 'நீயே முட்டி மோதிக்கொள்' என்று நம்மிடம் விட்டுவிட்டார் வள்ளுவர்.

மேற்கே இதே சண்டை 1976-ல் புது வேகம் எடுத்தது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் 'தார்மிக அதிர்ஷ்டம்' என்று ஒரு கட்டுரை வாசித்தார். தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் அதற்கு ஒரு பதில் கட்டுரை எழுதினார். தார்மிகம், அதிர்ஷ்டம் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி என்றுதான் அதுவரை பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லாட்டரி விழுவது அதிர்ஷ்டம். நல்லவனாக இருப்பது நம் கையில். ஜெர்மன் ஞானி காண்ட் அப்படித்தான் சொல்லியிருந்தார்: நல்ல மனசு ஒன்றையும் சாதிக்காமல் போனாலும் ரத்தினம் மாதிரி தன் ஒளியில் தானே ஜொலிக்கும் என்று.

நேகல் என்ன கேட்டார்? அவருடைய உதாரணத்தை நம் ஊர்ப்படுத்திச் சொல்கிறேன். ஒரே ஆபீஸ். இரண்டு பேர். சாயங்காலம் செல்போனில் பேசிக்கொண்டே பைக்கில் வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் வீடு போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் போன தெருவில் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்துவிட்டது. இரண்டு பேர் செய்த தப்பும் ஒரே தப்பு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இல்லை. ஆனால், ஒருவர் கொலைகாரர்; மற்றவர் நல்ல குடும்பத் தலைவர். வித்தியாசம், ஒரு பந்து!

இன்னும் ஒருபடி மேலே போகிறார் நேகல். நாஜி வதை முகாமில் அதிகாரியாக இருந்து அக்கிரமம் செய்த ஒரு ஜெர்மானியன், நாஜிகள் ஆட்சிக்கே வராமல் இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லாத மனிதனாக வாழ்ந்து செத்திருப்பான். 1930-ல் வியாபாரத்துக்காக அர்ஜென்டினா போய் நிம்மதியாக வாழ்ந்த இன்னொரு ஜெர்மானியன், ஊரிலேயே இருந்திருந்தால் அந்த அதிகாரியாகவே ஆகியிருக்கலாம். கப்பல் டிக்கெட் ஒருவனை உத்தமனாக வைத்திருக்கிறது.

'இதெல்லாம் தத்துவக்காரர்கள் விவகாரம், காமிக்ஸுக்கு எதற்கு?' என்பீர்கள். அங்கேதான் விஷயம். நேகலுக்குப் பல வருடம் முன்னாலேயே காமிக்ஸ்காரர்கள் இதைப் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 1962 தேதியிட்ட இதழில் ஸ்பைடர்மேன் பிறந்தார். ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த பதினோரு பக்கக் கதை. சிலந்தி கடித்து சக்தி வந்தவுடன் பீட்டர் பார்க்கர் முதலில் என்ன செய்தான்? ஊரைக் காப்பாற்றினானா? மூச்! டி.வி.யில் வித்தை காட்டிக் காசு பண்ணப் போனான். கண்ணெதிரே ஒரு திருடன் ஓடுகிறான். ஒரு கால் நீட்டியிருந்தால் விழுந்திருப்பான். 'என் வேலை இல்லை' என்று விட்டுவிட்டான். சில நாள் கழித்து அதே திருடன் பீட்டரின் வீட்டுக்குள் புகுந்து, அவனை வளர்த்த பென் மாமாவைச் சுட்டுவிடுகிறான். பீட்டர் திருந்துகிறான். சக்தியையும் பொறுப்பையும் முடிச்சுப் போடும் அந்தப் பிரபலமான வாக்கியம் அந்தக் கதையின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தத் திருடன் வேறு தெருவுக்குப் போயிருந்தால்? வேறு யாருடைய மாமாவாவது செத்திருப்பார். பேப்பரில் நாலு வரி வந்திருக்கும். பீட்டர் அதைப் படித்துவிட்டு அடுத்த டி.வி. நிகழ்ச்சிக்குப் போயிருப்பான். அவன் செய்தது அதே தப்பு. ஆனால், ஸ்பைடர்மேன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். உலகத்தின் மிகப் பிரபலமான மனசாட்சி, ஒரு திருடன் எந்த வீட்டுக் கதவைத் தட்டினான் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

நம் ஊர் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1972-ல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி' என்று கிளம்பியபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு அதைப் படித்தவர்களுக்கு இப்போது பேரன், பேத்தி எடுத்தாகிவிட்டது. அந்த மாயாவி 1962-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிற்பாடு சட்டத்தின் பக்கம் நின்று எத்தனையோ கேஸ் முடித்த அந்த மாயாவி, ஆரம்பத்தில் எந்தக் கட்சி தெரியுமா? குற்றவாளி! அதே போல, லயன் காமிக்ஸில் வந்து பிள்ளைகளைக் கிறங்கடித்த ஸ்பைடர், உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் தானே ராஜா ஆக வேண்டும் என்று கிளம்பிய ஆசாமி. நல்ல கட்சிக்கு வந்தது அப்புறம்தான். நாம் கொண்டாடிய இரண்டு பேருமே வில்லன்களாக இருந்து கட்சி மாறியவர்கள்.

அந்த ஸ்பைடர் கதைகளைப் பிற்காலத்தில் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். ஆமாம், நண்பர் ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். சூப்பர்மேன் 1938-ல் வெளிவந்தது உலகத்துக்கே தெரியும். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1933-ல், சீகல் எழுதிய இன்னொரு 'சூப்பர்மேன்' கதை அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்காவில் பஞ்ச காலம். இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை விஞ்ஞானி ஒருவர் கூட்டிப் போய், புதுத் துணியும் சாப்பாடும் கொடுத்து, மருந்தையும் கொடுக்கிறார். அவனுக்கு அடுத்தவர் மனசைப் படிக்கும் சக்தி வருகிறது. ரொட்டி வரிசையில் நின்றவன் என்ன செய்வான்? உலகத்தையே வளைத்துப்போடப் பார்க்கிறான். கடைசியில் மருந்தின் சக்தி தீர்ந்து, திரும்ப அதே ரொட்டி வரிசை!

ஒரே எழுத்தாளர், ஒரே பெயர். 1933-ல் அரக்கன், 1938-ல் தேவன். நடுவில் என்ன மாறியது? பல விஷயம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இரண்டாவது சூப்பர்மேனை ஒருவர் எடுத்து வளர்த்தார். ஆரம்பத்தில் ஓரிரண்டு வரியோடு நின்ற அந்த விவரம், போகப் போக ஜோனதன், மார்த்தா என்ற விவசாயத் தம்பதியாக, கான்சஸ் மாநிலத்துக் கிராமமாக, கதையின் இதயமாகவே வளர்ந்துவிட்டது.

இதைத்தான் 2003-ல் மார்க் மில்லர் 'ரெட் சன்' என்ற கதையில் திருப்பிப் போட்டார். குழந்தை சூப்பர்மேன் வந்த ராக்கெட் கான்சஸில் இறங்காமல் சோவியத் உக்ரைனின் கூட்டுப் பண்ணையில் இறங்கியிருந்தால்? ஸ்டாலினின் செல்லப்பிள்ளையாகிறார். பிற்பாடு தானே நாட்டை ஆள்கிறார். கெட்டவரா என்றால் இல்லை. யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, விபத்தில் சாகக் கூடாது என்று உண்மையாகவே தவிக்கிறார். அந்த நல்லெண்ணத்தினாலேயே அத்தனை பேரையும் இருபத்து நாலு மணி நேரமும் கண்காணித்து, மூச்சு முட்டும் ஒரு ராஜ்ஜியத்தைக் கட்டிவிடுகிறார். மனசு அதே மனசு. இறங்கிய வயல் வேறு.

சரி, இந்தப் பக்கமே பேசிக்கொண்டிருந்தால் எதிர்க் கட்சி கோபித்துக்கொள்ளும். எதிர்க் கட்சி வக்கீல் யார் தெரியுமா? ஜோக்கர்!

1988-ல் ஆலன் மூர் எழுதி ப்ரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் ஒரு சித்தாந்தம் பேசுகிறான். எப்பேர்ப்பட்ட யோக்கியனையும் பைத்தியக்காரனாக்க ஒரே ஒரு கெட்ட நாள் போதும் என்பது அவன் வாதம். அவனுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது; கர்ப்பிணி மனைவி செத்துப்போன நாள். வாதத்தை நிரூபிக்க, போலீஸ் கமிஷனர் கார்டனின் மகளைச் சுட்டு முடமாக்கி, அவரைக் கடத்தி வந்து சித்ரவதை செய்கிறான். கடைசியில் கார்டன் என்ன சொல்கிறார்? 'அவனைக் கொன்றுவிடு' என்று பேட்மேனிடம் சொல்லவில்லை. சட்டப்படி பிடித்து வா என்கிறார். ஜோக்கர் தோற்றுப்போகிறான்.

இந்தக் கட்டத்தில் கைதட்டாத ரசிகன் இல்லை. நானும் தட்டினேன். ஆனால், கவனியுங்கள். ஜோக்கரின் வாதம் யார் வாயிலிருந்து வருகிறது? 'சந்தர்ப்பம்தான் என்னைக் கெடுத்தது' என்று சொல்வதில் அவனுக்கு லாபம் இருக்கிறது. சந்தர்ப்பத்தைக் காரணம் காட்டினால் பொறுப்பிலிருந்து நழுவிவிடலாம். தார்மிக அதிர்ஷ்டம் என்ற கத்திக்கு இந்தப் பக்கமும் கூர் உண்டு. 'என் நேரம் சரியில்லை, அதனால் லஞ்சம் வாங்கினேன்' என்று நாளைக்கு யாரும் சொல்லலாம்.

சந்தர்ப்பத்தின் பலம் எவ்வளவு என்று உண்மையான மனிதர்களை வைத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1973-ல் வெளியான ஆராய்ச்சி. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் பாதிரியார் படிப்பு படிக்கும் மாணவர்கள் 40 பேர். 'பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்ன உரை நிகழ்த்துங்கள்' என்று அனுப்புகிறார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார், முனகுகிறார். ஏற்பாடு செய்த நடிகர்தான். சாவகாசமாக அனுப்பப்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேர் நின்று உதவினார்கள். 'லேட்டாகிவிட்டது, ஓடு ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 சதவிகிதம்தான். இதில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பு என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! அதைப் பற்றிப் பேச ஓடிய அவசரத்தில் கீழே கிடந்தவரைத் தாண்டிக் குதித்துப் போனவர்களும் உண்டு.

வேதம் படித்த பிள்ளைகளின் கருணையை ஒரு கைக்கடிகாரம் தீர்மானித்திருக்கிறது. ஆனால், அவசரத்திலும் நின்ற அந்தப் 10 சதவிகிதத்தை மறந்துவிடாதீர்கள். கமிஷனர் கார்டனின் சொந்தக்காரர்கள் அவர்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

இப்போது புதுப் புத்தகங்களுக்குத் திரும்புவோம். பேட்மேனோடு இன்னும் இரண்டு பேரையும் உருவிவிட்டது டி.சி. நவம்பர் 2024-ல் வந்த 'அப்சல்யூட் சூப்பர்மேன்' கதையில் கான்சஸ் பண்ணையில் தவழ்ந்து வளர்ந்த குழந்தை இல்லை. சொந்த கிரகமான கிரிப்டானிலேயே விவரம் தெரியும் வயதுவரை வளர்ந்தவன். அங்கே மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரிவினை. இவன் அப்பா, அம்மா உழைக்கும் கூட்டம். பூமிக்கு வந்தும் முதலில் நிற்பது சுரங்கத் தொழிலாளிகள் பக்கத்தில். ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாண்டவல் வரைந்திருக்கிறார். படங்கள் பிரமாதம். கதை கொஞ்சம் ஊர்வலக் கோஷம்போல் சத்தம் போடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. அக்டோபர் 2024-ல் தொடங்கிய 'அப்சல்யூட் வொண்டர் உமன்'. எழுதியது கெல்லி தாம்சன், வரைந்தது ஹேடன் ஷெர்மன். பழைய கதையில் டயானா, பெண்கள் மட்டுமே வாழும் சொர்க்கம் போன்ற தீவில், அம்மா ராணியின் மடியில் வளர்ந்தவள். இதில் கைக்குழந்தையாக நரகத்தில் கொண்டுபோய் விடப்படுகிறாள். அங்கே இருக்கும் சிர்ஸி என்ற சூனியக்காரிதான் வளர்க்க வேண்டியவள். பழைய கதைகளில் சிர்ஸி வில்லி. இதிலும் குழந்தையைப் பார்த்ததும் பிடிக்கவில்லை, வேண்டாத சுமை. ஆனால், குழந்தை அங்கே ஊரும் பாம்பைப் பார்த்துச் சிரிக்கிறது. சூனியக்காரியின் மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வளர்ந்த டயானா, நரகத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு மனிதனை அவன் வீட்டுக்கு அனுப்பிவைக்கத் தன் ஒரு கையையே பலி கொடுக்கிறாள். நரகத்தில் வளர்ந்தவள்!

போட்டிக் கம்பெனி மார்வெலும் சும்மா இல்லை. ஜனவரி 2024-ல் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. எழுத்து ஜோனதன் ஹிக்மன், ஓவியம் மார்கோ செக்கெட்டோ. இதில் பதினைந்து வயதில் கடிக்க வேண்டிய சிலந்தியை ஒரு வில்லன் தடுத்துவிடுகிறான். பீட்டருக்குக் கல்யாணமாகி, இரண்டு குழந்தை பிறந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பென் மாமா உயிரோடு இருக்கிறார். அதாவது, பாடம் சொல்லித்தர வேண்டிய அந்தத் திருடன் வரவே இல்லை. இருந்தும் 'உன்னிடமிருந்து திருடப்பட்ட வாழ்க்கை இது, வேண்டுமா?' என்ற மாதிரி ஒரு வாய்ப்பு வந்ததும், நடுத்தர வயதில், தெரிந்தே சிலந்தியிடம் கடி வாங்கிக்கொள்கிறான்.

இந்த நாலு கதைகளும் சேர்ந்து நம்மிடம் சொல்வது என்ன? 'எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளுங்கள். பணம், பண்ணை, தீவு, மாமாவின் சாவு எல்லாம். ஹீரோ ஹீரோவாகத்தான் இருப்பார்.' காண்ட் சொன்ன ரத்தினம்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ரசிகன் என்பவன் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிறவன் இல்லை. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உண்மையிலேயே எல்லாவற்றையும் பிடுங்கினார்களா? பேட்மேனின் பணத்தை எடுத்தார்கள்; பிள்ளைகள் மீது பிரியம் வைத்த வாத்தியார் அப்பாவையும், உயிரோடிருக்கும் அம்மாவையும், தெரு சிநேகிதர்களையும் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்மேனின் பண்ணையை எடுத்தார்கள். நியாயம் பேசும் தொழிலாளி அப்பா, அம்மாவைக் கொடுத்தார்கள். பீட்டரின் சிலந்தியை எடுத்தார்கள். மனைவி, மக்கள், மாமா எல்லோரும் இருக்கிறார்கள். டயானாவின் தீவை எடுத்தார்கள். ஆனால், நரகத்தில்கூட ஒரு வளர்ப்புத் தாய் கிடைத்துவிட்டாள்.

யாரும் இல்லாமல், யாராலும் கொஞ்சப்படாமல், ரொட்டி வரிசையில் தன்னந்தனியாக நின்றவன் ஒருவன்தான். 1933-ன் அந்தப் பழைய சூப்பர்மேன். அவன்தான் கெட்டுப்போனான்.

பணத்தை மைனஸ் பண்ணிவிட்டு ஒரு ஹீரோவைக் கற்பனை செய்ய முடிகிறது. பெற்ற ஊரையே மைனஸ் பண்ண முடிகிறது. தன் மேல் அன்பு வைத்த ஒரு மனுஷியையோ மனுஷனையோ மைனஸ் பண்ணிவிட்டு ஒரு ஹீரோவைக் கற்பனை செய்ய, இத்தனை கெட்டிக்கார எழுத்தாளர்களுக்கும் மனசு வரவில்லை. எனக்கென்னவோ இது அவர்களுடைய தோல்வியாகத் தோன்றவில்லை. நேர்மையாகத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹீரோவின் நல்ல குணம் பிறவியிலேயே வந்தது. வில்லனின் கெட்ட குணம் சந்தர்ப்பத்தால் வந்தது என்று காமிக்ஸ் தாராளமாகப் பேசுகிறது. நாம்? அப்படியே தலைகீழ். நான் வேலைக்கு லேட்டாக வந்தால் டிராஃபிக். அடுத்தவன் லேட்டாக வந்தால் சோம்பேறி. என் பையன் மார்க் குறைந்தால் கேள்வித்தாள் கடினம். வேலைக்காரம்மா பையன் மார்க் குறைந்தால் 'அதுங்களுக்குப் படிப்பு எங்கே ஏறும்?' நமக்கு வக்கீல், அடுத்தவருக்கு ஜட்ஜ். தார்மிக அதிர்ஷ்டம் நிஜமென்றால் இந்த இரண்டு நாற்காலியையும் மாற்றிப் போட வேண்டும். ஜோக்கர் மாதிரி, என் தப்புக்கு என் நேரத்தைக் காரணம் காட்டும் உரிமை எனக்குக் கிடையாது. அடுத்தவனைத் தீர்ப்பு சொல்லும்போது மட்டும், 'இவன் எந்த வயலில் இறங்கியவனோ?' என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். தண்டிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குழந்தையை இடித்தவர் ஜெயிலுக்குப் போகத்தான் வேண்டும். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த இன்னொருவர் அவரைக் காறித் துப்புவதற்கு முன்னால், அன்று சாயங்காலம் தன் காதில் என்ன இருந்தது என்று நினைத்துக்கொண்டால் போதும்.

தன் அதிர்ஷ்டத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த வீட்டில் பிறப்பது, எந்தத் தெருவில் வளர்வது, எந்தத் திருடன் எந்தக் கதவைத் தட்டுவது, ஒன்றும் நம் கையில் இல்லை. இது கொஞ்சம் சோர்வு தரும் முடிவுதான். ஆனால், நாலு புத்தகத்தையும் திரும்பப் புரட்டும்போது இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கு தெரிகிறது. டயானாவுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தின் பெயர் சிர்ஸி. பழைய சூப்பர்மேனுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தின் பெயர் ஜோனதன், மார்த்தா. அதாவது, ஒருவருடைய அதிர்ஷ்டம் என்பது பெரும்பாலும் இன்னொருவர்! கான்சஸ் தம்பதிக்குப் பறக்கத் தெரியாது, இரும்பை வளைக்கத் தெரியாது. வயலில் கிடந்த ஒரு குழந்தையைத் தூக்கி, சோறு போட்டு, 'அடுத்தவன் பொருள் நமக்கு வேண்டாம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பூமி பிழைத்துக்கொண்டது.

நமக்கு அதிர்ஷ்டம் அமைவது நம் கையில் இல்லை. இன்னொருவருக்கு அதிர்ஷ்டமாக அமைவது நம் கையில் இருக்கிறது. அந்த வேலைக்காரம்மா பையனுக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் கணக்கு சொல்லிக் கொடுக்க சிலந்தி ஒன்றும் கடிக்க வேண்டியதில்லை. 'அவன் படித்துப் பெரிய ஆளாவானா?' என்று கேட்காதீர்கள். குழந்தையைத் தூக்கியபோது கான்சஸ் தம்பதிக்கும் அது தெரியாது.